தம்பிக்கும் பாடம் வேண்டும்

(ஒரு கிராம வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் ஒரு பொம்மையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். “பொம்மைக்குப் பாலூற்றாதே, பட்டுச் சாத்தாதே என்று ஊர் ஊராய்ச் சொல்லி வந்தவர்கள் இப்பொழுது தாங்களே ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே” என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால், நாம் சொல்லப்போகும் பொம்மைக்குக் கோவில் கிடையாது, மான்யம் கிடையாது, தட்டு நீட்டுகிற தரகரும் கிடையாது. அது யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. கேள்வி கேட்கச் சொல்லுகிறது. கேள்வி கேட்கச் சொல்லுவது பொம்மையானாலும் நமக்குத் தோழர்தான். கும்பிடச் சொல்லுவது மகானானாலும் நமக்கு அவரால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

அந்தப் பொம்மையின் பெயர் ஜரி. ஆறு வயதுப் பெண். ஊர் ஆப்கானிஸ்தானம். அந்நாட்டுப் பேச்சில் மின்னுகிறவள் என்று பொருள். நாம் சேலையில் ஜரிகை என்கிறோமே, அதுவும் அந்தப் பக்கத்துச் சொல்தான். 2016ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவள் காபூல் நகரத்துத் தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தோன்றினாள். பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்மணியைக் கண்டு, “நானும் உங்களைப்போல் ஆகவேண்டுமானால் என்ன செய்யவேண்டும்?” என்று விசாரித்தாள். அவ்வளவுதான் அவள் செய்த புரட்சி. இந்த அற்ப சங்கதியைப் பற்றி ஒரு பொதுக் கூட்டத்தில் பேசுவானேன் என்றால், அந்த நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கப் பெண்களுக்கு இன்று இடமில்லாமல் போய்விட்டது என்பதாலேயே ஆகும்.

எள்ளுத் தெரு

ஜரி பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் அமெரிக்காவிலிருந்து தொடங்கவேண்டும். அங்கே 1969ஆம் வருஷம் நவம்பர் 10ந் தேதி, ‘செசமி ஸ்ட்ரீட்’ என்று குழந்தைகளுக்கான ஒரு தொலைக்காட்சிக் காட்சி ஆரம்பமாயிற்று. தமிழில் சொன்னால் எள்ளுத் தெரு. அலிபாபா கதையில் குகைக் கதவைத் திறக்க “திறந்திடு சீசேம்” என்பார்களே, அந்தச் சீசேம்தான் இது. தொடங்கியவர்கள் ஜோன் கான்ஸ் கூனி என்ற அம்மையாரும், லாயிட் மோரிசெட் என்பவரும் ஆவார்கள்.

அவர்கள் கண்டது என்னவென்றால், பள்ளிக்கூடக் கதவு எல்லாக் குழந்தைக்கும் திறந்திருந்தும், ஏழை வீட்டுக் குழந்தையும் கறுப்பர் வீட்டுக் குழந்தையும் முதல் நாள் உள்ளே நுழையும்பொழுதே பின்தங்கி நுழைகிறார்கள் என்பதாகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எழுத்தையும் எண்ணையும் மடியிலேயே கற்றுக்கொண்டு வருகிறது. மற்றதற்கு அது இல்லை. ஆனால், ஏழை வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. சோப்பு விற்கிறவன் அந்தப் பெட்டியின் வழியாகக் குழந்தையின் வாயில் தன் பாட்டை ஏற்றிவிட முடியுமானால், நாம் ஏன் அதே வழியில் எழுத்தை ஏற்றக்கூடாது என்று நினைத்தார்கள். இந்த யோசனை அபாரமான யோசனை ஆகும்.

அந்தத் தெருவில் கறுப்பரும் வெள்ளையரும் அக்கம் பக்கத்தில் குடியிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து விளையாடினார்கள். 1970இல் மிசிசிப்பி மாகாணத்துக் கல்வித் தொலைக்காட்சிக் குழுவார் அந்தக் காட்சியைத் தங்கள் மாகாணத்தில் காட்டக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார்கள். விஷயம் பத்திரிகைகளில் வெளியாகி நாடு சிரித்த பிறகு, சில வாரங்களில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தோழர்களே! எழுத்துச் சொல்லித் தருவதை அவர்கள் எதிர்க்கவில்லை. எண் சொல்லித் தருவதையும் எதிர்க்கவில்லை. ஒரே படியில் உட்காருவதைத்தான் எதிர்த்தார்கள். குழந்தை எதைக் கண்ணால் பார்த்துப் பழகுகிறதோ அதுவே அதற்கு உலக நியாயம் ஆகிவிடும் என்பது நம்மைவிட எதிரிகளுக்கு நன்றாய்த் தெரியும்.

நல்லவர் வீட்டிலும் பழைய வழக்கம்

இப்படிப்பட்ட நல்ல ஸ்தாபனத்திலும் ஒரு குறை இருந்தது. அதை மறைப்பது பகுத்தறிவுக்காரர் வேலை அல்ல. அந்தத் தெருவின் பேர்போன பொம்மைகளின் பெயர்களைப் பாருங்கள்: பிக் பேர்ட், ஆஸ்கர், எர்னி, பெர்ட், குரோவர். எல்லாம் ஆண். பெண் பொம்மை இல்லாமலில்லை; ஆனால் முன்வரிசையில் இல்லை. தொடங்கியவரோ ஒரு பெண்மணி! பெண்கள் சங்கத்தார் இதை எடுத்துக்காட்டிக் கண்டித்தார்கள். 1991இல் ரோசிட்டா, 1993இல் ஸோயீ, 2006இல் ஆப்பி என்று பெண் பொம்மைகள் ஒவ்வொன்றாய் முன்னுக்கு வந்தன.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன? கெட்டவர்கள்தான் பெண்ணைப் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதில்லை. வழக்கம் என்பது காற்றைப்போல் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால், நல்ல எண்ணம் உடையவர்களும் அதையே சுவாசித்துக்கொண்டு, அதையே குழந்தைக்கும் ஊட்டிவிடுகிறார்கள். ஆகையால்தான் 1979இல் ஐக்கிய நாடுகள் சபையார் பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கென்று ஓர் உடன்படிக்கை செய்தபொழுது, அதன் 10ஆவது பிரிவில் பள்ளியில் சம இடம் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று பழக்கிவைக்கும் எண்ணங்களைப் பாடபுத்தகத்திலிருந்தே நீக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். அம்மா சமைத்தாள், அப்பா பத்திரிகை படித்தார் என்று முதல் பாடத்தில் எழுதிவிட்டு, பத்தாம் பாடத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதினால், குழந்தை முதல் பாடத்தைத்தான் நம்பும்.

இந்த ஸ்தாபனத்தார் மற்ற தேசங்களுக்குப் போனபொழுது அமெரிக்கப் பொம்மையை அப்படியே அனுப்பிவிடவில்லை. அந்தந்த நாட்டு உபாத்தியாயர், வைத்தியர், எழுத்தாளர் ஆகியோருடன் உட்கார்ந்து, உங்கள் குழந்தைக்கு என்ன குறை என்று கேட்டுக்கொண்டு அதற்குத் தக்கபடி செய்தார்கள். 2000இல் எகிப்து தேசத்தில் பெண் குழந்தைகள் பள்ளிக்கு வருவது குறைவாயிருந்ததால் கோக்கா என்ற பெண் பொம்மை உண்டாயிற்று. படித்துப் பெரிய உத்தியோகம் பார்க்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள் அவள். 2002இல் தென்னாப்பிரிக்காவில் காமி என்ற ஐந்து வயதுப் பெண் பொம்மை வந்தாள். அவள் உடம்பில் எய்ட்ஸ் நோயின் கிருமி இருந்தது. அந்த நோயால் தாயை இழந்தவள். அவளைத் தொட்டு விளையாடினால் நோய் ஒட்டாது என்று மற்றப் பொம்மைகள் குழந்தைகளுக்குக் காட்டிக் கொடுத்தன. தீண்டாமை என்பதை ஒரு பொம்மை எப்படி ஒழிக்கிறது பாருங்கள்!

இதெல்லாம் வேடிக்கைதானே, பலன் உண்டா என்று கேட்பீர்களானால், 2013இல் ஒரு கணக்கு வெளிவந்திருக்கிறது. 15 தேசங்களில் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த 24 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்ததில், எழுத்திலும் எண்ணிலும் மட்டுமன்றி, மற்றவர்களைப் பற்றிய எண்ணத்திலும் இந்தக் காட்சி நல்ல மாறுதலைச் செய்திருக்கிறது என்று கண்டார்கள்.

மூன்று முறை மூடிய கதவு

இனி ஆப்கானிஸ்தானத்துக்கு வருவோம். அமானுல்லா மன்னரின் பெயரை நம் இயக்கத்துப் பெரியவர்கள் அறிவார்கள். அக்காலத்தில் நம்மவர்கள் மேடைதோறும் எடுத்துக்காட்டிய பெயர் அது. அவர் மனைவி சோரயா அம்மையார் 1921இல் காபூலில் முதல் பெண்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்தார். 1928இல் அந்நாட்டுப் பெண்கள் சிலர் மேல்படிப்புக்காகத் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். உடனே வைதிகர்கள் கலகம் செய்தார்கள். 1929 ஜனவரியில் மன்னர் முடி துறந்தார். கலகத்தில் ஆட்சியைப் பிடித்தவன் பெண்கள் பள்ளிக்கூடங்களை மூடினான்.

பிறகு அந்தக் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 1996இல் தாலிபான்கள் காபூலைப் பிடித்துக்கொண்டு மறுபடி மூடினார்கள். தொலைக்காட்சியையும் தடை செய்தார்கள். 2001இல் அவர்கள் விரட்டப்பட்ட பிறகு மறுபடி திறந்தது. 2021 ஆகஸ்டு 15ந் தேதி அவர்கள் திரும்பி வந்தார்கள். செப்டம்பரில் 6ஆம் வகுப்புக்கு மேல் ஆண்பிள்ளைகளை மட்டும் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். 2022 மார்ச் 23ந் தேதி பெண்களும் வரலாம் என்று சொல்லி, அவர்கள் ஆசையோடு உடுத்திக்கொண்டு வந்து வகுப்பில் உட்கார்ந்த சில மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் திருப்பியனுப்பினார்கள். அந்த டிசம்பரில் சர்வகலாசாலைக் கதவும் சாத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மருத்துவச்சிப் படிப்பும் தாதிப் படிப்பும் நிறுத்தப்பட்டன. 14 லட்சம் பெண்களாவது இப்படி மேல்வகுப்புப் படிப்பை இழந்திருக்கிறார்கள் என்று 2024இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் கணக்குச் சொன்னார்கள்.

இதிலுள்ள புத்தியைக் கவனியுங்கள். சில மாகாணங்களில், அந்நிய ஆண் வைத்தியன் பெண்ணைத் தொடக்கூடாது என்பதும் அவர்கள் கட்டளை. பெண் வைத்தியம் படிக்கக்கூடாது என்பதும் அவர்கள் கட்டளை. அப்படியானால் பிரசவ வேதனையில் கிடக்கிறவளை யார் பார்ப்பது? இதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அவளுக்கு மானம் காக்கிறோம் என்கிறார்கள். உயிரைக் காக்காத மானம் யாருக்கு வேண்டும்?

இது அந்த மதத்தின் கட்டளை என்று சொல்லி இங்குள்ள சிலர் கைகொட்டிச் சிரிக்கப் பார்க்கலாம். அவர்கள் சந்தோஷத்துக்கும் இடமில்லை. கெய்ரோ நகரத்து அல்-அஸ்ஹர் தலைவரான பெரிய முஸ்லிம் பண்டிதரே 2022 டிசம்பரில், பெண்களுக்குச் சர்வகலாசாலையை மூடியது தங்கள் மதத்துக்கே விரோதம் என்று கண்டித்திருக்கிறார். பெண் படிக்கலாமா கூடாதா என்பதற்கு நமக்கு எந்த மதத்தின் சாட்சியும் தேவையில்லை. ஆனால், பூட்டுப் போடுகிறவர்கள் எந்த மதத்தின் பெயரையும் எடுத்துக் கொள்ளுவார்கள் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஜீரக் என்னும் தம்பி

ஜரி வந்த அடுத்த வருஷம், 2017இல், அவளுக்கு ஒரு தம்பியைச் சேர்த்தார்கள். பெயர் ஜீரக், புத்திசாலி என்று அர்த்தம். நாலு வயது. கண்ணாடி போட்டிருப்பான். அவன் வேலை என்ன? அக்காள் பள்ளியிலிருந்து என்ன கற்றுக்கொண்டு வந்தாள் என்று ஆவலோடு கேட்பது, அக்காளைப்போல் தானும் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுவது, அக்காளை மெச்சுவது. இவ்வளவே.

தோழர்களே! நம் அபிப்பிராயத்தில், இந்தத் தம்பிதான் ஜரியைவிடப் பெரிய யோசனை. பெண் கல்வி என்றால் பெண்ணுக்குப் பாடம் சொல்லவேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். படிக்கவேண்டும் என்று பெண்ணுக்குச் சொல்லித் தரவேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு அந்த ஆசை தானாகவே இருக்கிறது. அவளைத் தடுப்பது யார்? தகப்பன், அண்ணன், தம்பி, பிறகு புருஷன். இவர்களுக்கல்லவா பாடம் வேண்டும்? பூட்டியிருக்கிற அறைக்குள் இருப்பவளுக்குச் சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து என்ன பயன்? சாவி வைத்திருப்பவனுக்கல்லவா சொல்லவேண்டும்?

இதை நாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நமக்கு ஒரு தமக்கை உண்டு. கணக்கில் நம்மைவிடக் கெட்டிக்காரி. நமக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அவள் வயதுக்கு வந்த அன்று படிப்பு நின்றது. அவளுடைய சிலேட்டும் புத்தகப் பையும் நமக்கு வந்தன. புதுப் பை கிடைத்தது என்ற சந்தோஷத்தில் நாம் தெருவெல்லாம் ஓடினோம். அக்காள் ஏன் அழுகிறாள் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவுமில்லை. பிறகு நம் படிப்பும் வறுமையால் நின்றுபோய், வாசகசாலைகளில் குந்தி நாமாகப் படித்த காலத்தில்தான், அந்தப் பை நமக்குச் சேரவேண்டியதல்ல என்பது உறைத்தது. அதற்குள் அவளுக்கு மூன்று பிள்ளைகள். காபூலில் பெண்ணின் படிப்பை நிறுத்தும் வகுப்பு ஆறு. வயது ஏறக்குறைய பன்னிரண்டு. அதே வயதில்தான் நம் வீட்டிலும் நின்றது. அங்கே துப்பாக்கி வைத்துக்கொண்டு நிறுத்துகிறார்கள். நம் வீட்டில் மஞ்சள் தண்ணீர் வார்த்து நிறுத்தினார்கள். நமக்கு நாலு வயதில் ஒரு ஜீரக்கைக் காட்டியிருந்தால், நாம் அன்று தகப்பனார் முன்னால் நின்று “அக்காள் பை எனக்கு வேண்டாம்” என்றாவது சொல்லியிருப்போம்.

பொம்மை தோற்றதா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. “இவ்வளவும் செய்தார்களே, 2021இல் எல்லாம் போய்விட்டதே. பொம்மையால் என்ன ஆயிற்று?” என்று கேட்கலாம். இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும்.

முதலாவது, அந்தக் காட்சி காபூலிலிருந்த அமெரிக்கத் தூதராலயத்தாரின் பணத்தில் நடந்தது. பணம் கொடுத்தவர்கள் 2021 ஆகஸ்டில் ஆகாய விமானம் ஏறிப் போய்விட்டார்கள். பெண்கள் போக முடியவில்லை. 1921இல் அரண்மனை கொடுத்தது. அரண்மனை போனதும் போயிற்று. 2001க்குப் பிறகு அந்நியர் கொடுத்தது. அந்நியர் போனதும் போயிற்று. பெண்ணின் படிப்பு என்பது ஒருவர் கொடுக்கும் தர்மமாக இருக்கும் வரையில், கொடுத்தவன் போகும்பொழுது அதுவும் கூடவே போய்விடும். அது வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளின் மனதில் சாதாரண நியாயமாக ஆனால்தான் எந்த அரசாங்கம் வந்தாலும் நிற்கும். ஜீரக் வந்து ஏறக்குறைய நாலு வருஷத்தில் ஆட்சி மாறிவிட்டது. நாலு வயதில் அவனைப் பார்த்த பையனுக்கு அப்பொழுது எட்டு வயதுதான். ஊர்வழக்கத்தை எதிர்த்து நிற்க எட்டு வயதுப் பையனால் ஆகுமா? பொம்மை தோற்கவில்லை. அதற்குக் காலம் போதவில்லை. அது தாமதமாய் வந்தது. தாமதமாய் வந்தது யார் குற்றம் என்பதை அரசியல்காரர்கள் யோசிக்கட்டும்.

இரண்டாவது, எதிரிகளின் பயத்தைப் பாருங்கள். ஜரி தோன்றுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2016 ஜனவரி 20ந் தேதி, அவள் பின்னால் தோன்றிய அதே தொலைக்காட்சி நிலையத்தைச் சார்ந்த ஊழியர்கள் சென்ற வண்டியின்மீது தாலிபான்கள் வெடி வைத்து 7 பேரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் அங்கே ஜரி வந்தாள். உயிருக்கு அஞ்சியிருந்தால் யார் அவளைக் கையில் எடுத்திருப்பார்கள்?

மூன்றாவது, கதவு மூடியிருந்தாலும் படிப்பு முழுவதும் நின்றுவிடவில்லை. முந்திய தாலிபான் ஆட்சியிலேயே பெண்கள் வீடுகளுக்குள் ஒளிந்து பள்ளி நடத்தினார்கள். 2021 மார்ச் 8ந் தேதி காபூலில் பெண்கள் தொடங்கிய பேகம் வானொலி பாடங்களை ஒலிபரப்பி வந்தது. 2025 பிப்ரவரியில் அதைச் சோதனை போட்டு நிறுத்தினார்கள். பிறகு அந்த மாதத்திலேயே திரும்ப அனுமதிக்க வேண்டியதாயிற்று. பூட்டுப் போடுவதற்கு ஒரு நாள் போதும்; காவல் இருப்பதற்கோ காலமெல்லாம் வேண்டும்.

நாம் செய்யவேண்டியது

ஆப்கானிஸ்தானத்துப் பெண்களுக்காக நாம் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். அவர்கள் அரசாங்கத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால், எந்த நினைப்பு அங்கே துப்பாக்கி பிடித்து நிற்கிறதோ, அதே நினைப்பு நம் அடுப்பங்கரையில் கரண்டி பிடித்து நிற்கிறதா என்று பார்க்க முடியும். பையனுக்கு முதலில் சோறு, பெண்ணுக்குப் பிறகு என்பதில் அது இருக்கிறது. பையனுக்குப் பந்து, பெண்ணுக்குச் சொப்பு என்பதில் அது இருக்கிறது. “பொம்பளைப் பிள்ளை மாதிரி அழாதே” என்று பையனை அதட்டுவதிலும் அது இருக்கிறது. நாலு வயதில் நாம் கொடுக்கும் இந்தப் பாடங்களுக்குச் சம்பளம் இல்லை, பரீட்சை இல்லை; ஆனால் ஒரு பிள்ளைகூட இதில் தவறுவதில்லை.

ஆகவே, இங்கு வந்திருக்கும் தகப்பன்மார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் நாம் சொல்லுவது இதுதான். உங்கள் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதோடு உங்கள் கடமை தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது பாதிதான். உங்கள் ஆண் பிள்ளையைக் கூப்பிட்டு, “உன் அக்காள் இன்று என்ன படித்தாள் என்று கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்” என்று தினமும் சொல்லுங்கள். தட்டைக் கழுவ இருவரையும் பழக்குங்கள். அவள் புத்தகப் பையை அவள் கேட்கும் வரை அவளிடமிருந்து யாரும் வாங்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிவையுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்து யோசியுங்கள். சரி என்று உங்கள் புத்திக்குப் பட்டால் செய்யுங்கள். நம் தமக்கையின் பேத்தி இப்பொழுது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான். நாம் இந்த மேடையை விட்டு இறங்கியதும் போய்ப் பேசப்போவது அவனிடந்தான்.